சில்லறைத் திருட்டின் கணக்கு யார் தலையில் விழுகிறது?

கேள்வி சுருக்கமாக இது: வழக்கமாகப் போகும் கடையில் ஷேவிங் பிளேடும் பேட்டரியும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. வாசலில் பில்லை வாங்கிப் பையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சில பொருட்கள் பல வாரமாக அலமாரியில் இல்லை. ஏன் என்று கேட்டால், "திருட்டு அதிகமாகிவிட்டது" என்ற ஒரே பதில்தான். ஒரு பிளேடு பாக்கெட் காணாமல் போவதால் இவ்வளவு மாறுமா, இல்லை விலையை ஏற்றுவதற்கு இது ஒரு சாக்கா?

பல வருடம் கடைகளில் இருப்புக் கணக்கு பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். திருட்டு நடப்பது உண்மை, அதனால் கடை அடிபடுவதும் உண்மை. ஆனால் வாடிக்கையாளர் அதன் தடத்தை விலைச்சீட்டில் தேடினால் அதிகம் கிடைக்காது. அது வேறு வாசல் வழியாக வந்து சேர்கிறது: காலி அலமாரி, பூட்டிய பெட்டி, நீளும் வரிசை, சந்தேகப் பார்வை, சீக்கிரமே இறங்கும் ஷட்டர். இதில் பெரும்பகுதி திருடன் நேராகச் செய்வதும் இல்லை. திருட்டைக் கண்டு பயந்த கடை எடுக்கும் நடவடிக்கைகள்தான் உங்களை அதிகம் தொடுகின்றன. அதனால்தான் கடை எப்படி நடந்துகொள்கிறது என்பது திருட்டின் அளவைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதலில் கடைக்காரர் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பொருளின் விற்பனை விலை 100 என்று வையுங்கள். கொள்முதல் விலை 80. வாடகை, சம்பளம், மின்சாரம், வண்டிச் செலவு எல்லாம் சேர்ந்து 16. கையில் நிற்பது 4. இப்போது அதில் ஒன்று திருடு போகிறது. கடைக்காரருக்குப் போனது அந்த 4 மட்டும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். போட்ட முதல் 80-ம் சேர்ந்தல்லவா போகிறது? அந்த முதலை எடுக்க அதே பொருளில் இருபது விற்ற லாபம் வேண்டும். கடை திறந்ததிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை நின்று விற்றதெல்லாம் ஒரு சின்னப் பாக்கெட்டோடு வாசலைத் தாண்டிவிடுகிறது. "பெரிய கடைதானே, என்ன ஆகிவிடும்" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

காப்பீடு இருக்குமே என்று கேட்பார்கள். பூட்டை உடைத்து நடக்கும் கொள்ளைக்குக் காப்பீடு உதவும். பட்டப்பகலில் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் உதவாது. பல பாலிசிகளில், இருப்பு எண்ணும்போது தெரியவரும் காரணம் புரியாத குறைவு விலக்காகவே எழுதப்பட்டிருக்கும். அப்படி இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட தொகை வரை கடைக்காரரே ஏற்க வேண்டும் என்று இருக்கும். சின்னத் திருட்டு ஒவ்வொன்றும் அந்தத் தொகைக்குக் கீழேதான் வரும்.

சரி, வாடிக்கையாளர் பக்கம் வருவோம். கணக்குப்படி இருக்க வேண்டிய சரக்குக்கும் எண்ணிப் பார்த்தால் உண்மையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தொழிலில் ஷ்ரிங்கேஜ் என்பார்கள். இருப்புக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தேசிய சில்லறை விற்பனையாளர் கூட்டமைப்பு 2022-ஆம் நிதியாண்டுக்கு எடுத்த கணக்கில் இது சராசரியாக விற்பனையில் 1.6 சதவீதம். பணமாகச் சொன்னால் 11,200 கோடி டாலருக்கும் மேல். ஆனால் இது முழுக்க வெளியாள் திருட்டு கிடையாது. வெளியிலிருந்து வருபவர்களின் திருட்டு அதில் 36 சதவீதம்தான். கடை ஊழியர்களே எடுத்தது 29 சதவீதம். எண்ணும்போதும் பதிவு செய்யும்போதும் நடந்த தவறுகள், நடைமுறைக் கோளாறுகள் 27 சதவீதம்.

இதைப் பெருக்கிப் பாருங்கள். 100-க்கு விற்றால் வெளியாள் திருட்டால் போவது சுமார் 0.6. முழுவதையும் கடை விலையில் ஏற்றினாலும் உங்களுக்கு உறைக்காது. ஆனால் 100-க்கு 4 லாபம் பார்க்கும் கடைக்கு அந்த 0.6 என்பது லாபத்தில் ஏழில் ஒரு பங்குக்கு அருகில். வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத ஒன்று விற்பவரின் தூக்கத்தைக் கெடுப்பது இப்படித்தான். இது சராசரிதான் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு கடையில் ஒன்றுமே போகாது. அடுத்த தெருக் கடையில் இரண்டு மூன்று பொருட்கள் மட்டும் வாராவாரம் காலியாகும்.

எந்தப் பொருட்கள் என்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. குற்றவியல் ஆய்வாளர் ரொனால்ட் கிளார்க் 1999-ல் பிரிட்டன் உள்துறைக்காக எழுதிய அறிக்கையில், அடிக்கடி திருடு போகும் பொருட்களுக்கு ஆறு குணங்களைச் சொன்னார். ஒளிக்க எளிது, எடுத்துப் போக எளிது, கைக்கு எட்டுகிறது, மதிப்புள்ளது, ஆசைப்பட வைக்கிறது, விற்றுக் காசாக்க எளிது. கடைசிக் குணம்தான் எல்லாவற்றையும் இயக்குவது. பிளேடு, பேட்டரி, ஒப்பனைப் பொருட்கள், குழந்தைப் பால்மாவு எல்லாம் ஏன் பல நாட்டுக் கடைகளிலும் பூட்டுக்குப் போகின்றன என்பதற்கு இந்த ஆறில் பதில் இருக்கிறது. கையளவு இருக்கும், யார் வேண்டுமானாலும் வாங்குவார்கள், மூலையில் நின்று பாதி விலைக்கு விற்றுவிடலாம். பெரும்பாலான கடைகளில் சரக்கு வகைகளில் மிகச் சிறு பகுதிதான் இப்படி. மற்ற வகைகளை யாரும் சீண்டுவதில்லை.

விலையைவிட வாடிக்கையாளரை அதிகம் வருத்துவது காலி அலமாரி. அது எப்படிக் காலியாகிறது என்பது கடைக்குள் வேலை பார்ப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இப்போதெல்லாம் பெரும்பாலான கடைகளில் கொள்முதல் ஆர்டரைக் கணினி போடுகிறது. பில் போடும்போது ஒன்று கழியும். இருப்பு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே வந்தால் ஆர்டர் தானாகப் போகும். திருடு போனது பில் ஆகாது. கணினிக்கு அது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. இதைத் தொழிலில் பேய் இருப்பு என்று சொல்வதுண்டு. பொருத்தமான பெயர்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். காது கேட்கும் கருவிக்குப் போடும் பட்டன் பேட்டரி, ஆறு பேட்டரி உள்ள ஒரு சின்ன அட்டை. வயதான அம்மா ஒருவர் வந்து கேட்டார். பில் போடும் பையன் கணினியைப் பார்த்துவிட்டு, "நாலு இருக்கும்மா, அந்த வரிசையில் பாருங்கள்" என்றான். அவர் போய்த் தேடினார், இல்லை. பையனும் எழுந்து போய்த் தேடினான், இல்லை. "யாராவது இடம் மாற்றி வைத்திருப்பார்கள், இரண்டு நாள் கழித்து வாங்க" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். இரண்டு நாள் கழித்து வந்தார், அதே நாலு, அதே காலிக் கொக்கி. மூன்றாம் முறை வந்தபோது அவர் கருவி வேலை செய்யவில்லை. பையன் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை, ஒரு தாளில் எழுதிக் காட்டினான். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

மாதக் கடைசியில் அந்த வரிசையை எண்ணியபோது, பக்கத்து அலமாரியில் இருந்த டார்ச் லைட் பெட்டிகளுக்குப் பின்னால் நாலு அட்டைகள் செருகியிருந்தன. பிளாஸ்டிக் கிழிக்கப்பட்டு, பேட்டரி இல்லாமல், வெறும் அட்டை. நான் கணினியில் நாலைப் பூஜ்யம் ஆக்கிய அடுத்த நிமிடம் ஆர்டர் போனது, மறுநாள் சரக்கு வந்தது. ஒரு மாதமாக அந்தக் கடையில் அந்தப் பேட்டரி இல்லாமல் இருந்ததற்குக் காரணம் அந்த நாலு அட்டையின் விலை இல்லை. நாலு அட்டை போனது யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான். நாங்கள் வாரம் ஒருமுறை, வேண்டாம், முதல் முறை அவர் ஏமாந்து திரும்பியதைப் பார்த்த பிறகாவது அந்த ஒரு கொக்கியை எண்ணியிருந்தால் அவர் மூன்று முறை அலைந்திருக்க வேண்டியதில்லை. இன்றும் எனக்கு அது உறுத்துகிறது.

இனி பூட்டிய பெட்டிக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். ஒரு காலத்தில் கடை என்றாலே கவுன்டர்தான். நீங்கள் இந்தப் பக்கம் நின்று கேட்பீர்கள், கடைக்காரர் அந்தப் பக்கம் இருந்து எடுத்துத் தருவார். 1916 செப்டம்பரில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். வாடிக்கையாளர் தாமே உள்ளே போய், கூடையை எடுத்துக்கொண்டு, வேண்டியதைப் பொறுக்கி, வெளியேறும் வழியில் காசு கட்டுவது என்ற முறைக்கு அவர் காப்புரிமையும் வாங்கினார். ஆட்கள் குறைவு, அதனால் செலவு குறைவு, அதனால் விலையும் குறைவு. ஒரு பொருளைக் கையில் எடுத்து, எடை பார்த்து, பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்து, பிடிக்கவில்லை என்றால் யாரிடமும் விளக்கம் சொல்லாமல் திருப்பி வைக்கும் சுதந்திரம் அப்போதுதான் பரவலாகக் கிடைத்தது. திருடுவதற்கான வாய்ப்பும் கூடவே வந்தது. திறந்த அலமாரி என்பது முன்பின் தெரியாதவர்கள் மேல் கடை வைக்கும் நம்பிக்கை. அதில் கொஞ்சம் போகும், மிச்சமாகும் ஆள்சம்பளம் அதைவிட அதிகம் என்ற கணக்கில்தான் அது ஓடியது.

கண்ணாடிப் பெட்டி என்பது அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவது. பழைய கவுன்டர் திரும்ப வருகிறது, ஆனால் கவுன்டருக்குப் பின்னால் ஆள் இல்லை. மணியை அழுத்திவிட்டு நிற்க வேண்டும். சாவி யாரிடமோ இருக்கும், அவர் கிடங்கில் இருப்பார். வந்தவரிடம், பக்கத்தில் இரண்டு பேர் நிற்கும்போது, எது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கும். கர்ப்பப் பரிசோதனைக் கருவியோ ஆணுறையோ வாங்க வந்த ஒருவர் அந்த மணியை அழுத்துவாரா? பலர் வாங்காமலே போய்விடுகிறார்கள். அவர்கள் திரும்பிப் போனதும் எந்தக் கணக்கிலும் ஏறாது. திருட்டு நின்றது என்று மட்டும் அறிக்கையில் வரும். விற்பனையும் சேர்ந்து நின்றதைத் தனியாக எடுத்துப் பார்த்த கடைகள் குறைவு.

தானியங்கி பில் கவுன்டரிலும் இதே கதைதான். ஆளைக் குறைக்க வைத்தார்கள். வாடிக்கையாளரே ஸ்கேன் செய்யும்போது சிலர் வேண்டுமென்றே விடுகிறார்கள், பலர் தெரியாமல் தவறவிடுகிறார்கள். இரண்டையும் இயந்திரத்தால் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் எல்லோர் மேலும் கேமராவைத் திருப்பினார்கள், தட்டுக்கு அடியில் எடை பார்த்தார்கள், வெளியேற பில்லைக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்றார்கள். சில நிறுவனங்கள் பழைய முறைக்கே திரும்பிவிட்டன. இங்கிலாந்தின் வடபகுதியில் இருக்கும் பூத்ஸ் 2023 நவம்பரில், தன் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்றவற்றில் இந்த இயந்திரங்களை எடுத்துவிடுவதாக அறிவித்தது. அமெரிக்காவின் டாலர் ஜெனரல் 2024-ல் ஆயிரக்கணக்கான கடைகளில் எடுத்தது. மனிதர் ஒருவர் எதிரில் நின்று வணக்கம் சொல்லி பில் போடும்போது திருட்டு குறைகிறது என்பது எந்தப் பழைய கடைக்காரரும் சொல்லக்கூடியதுதான்.

சந்தேகம் பற்றி இதைவிட அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருமுறை கேமரா அறையில் நான் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு பெண் அலமாரிப் பக்கம் திரும்பி நின்று கையைத் தன் பைக்குள் விட்டார். உடனே வாசலில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் நிறுத்தினார். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் அந்தப் பெண்ணின் மகள். பையைத் திறந்து காட்டச் சொன்னபோது உள்ளே இருந்தது கைபேசியும் கண்ணாடிக் கூடும்தான். பொருளின் பின்பக்கம் எழுதியதைப் படிக்கக் கண்ணாடியை எடுத்திருக்கிறார். அவர் சத்தம் போடவில்லை. கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். நான் கீழே இறங்கி ஓடி வருவதற்குள் அவர்கள் தெருவைக் கடந்துவிட்டார்கள். அந்த மாதம் அந்தக் கடையில் திருடு போனதெல்லாம் சேர்ந்தாலும் அந்தக் குழந்தை பார்த்த அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அது மனிதக் கண் செய்த தவறு. இயந்திரக் கண் இதைப் பெரிய அளவில் செய்யும். அமெரிக்காவின் ரைட் எய்ட் மருந்துக்கடை நிறுவனம் முகம் அடையாளம் காணும் தொழில்நுட்பத்தைப் பல வருடம் பயன்படுத்தியது. ஆயிரக்கணக்கான முறை தவறான ஆட்களைத் திருடர்கள் என்று அது காட்டியதாகவும், பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியைக்கூட ஊழியர்கள் நிறுத்திச் சோதித்ததாகவும் அந்த நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2023 டிசம்பரில், ஐந்து வருடத்துக்கு அந்த நிறுவனம் அதைக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று முடிவானது. கருத்த நிறமும் ஏழைத் தோற்றமும் உடையவர்கள்தான் எங்கும் முதலில் நிறுத்தப்படுகிறார்கள். திருட்டுக்கு எதிரான நடவடிக்கை என்ற பெயரில் நடப்பதால் யாரும் தட்டிக் கேட்பதில்லை.

கடை ஊழியர்களையும் பார்க்க வேண்டும், அவர்கள் நிலைமை வாடிக்கையாளர் நிலைமையோடு ஒட்டியது. பிரிட்டனின் சில்லறை வணிகக் கூட்டமைப்பு 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டுக்குச் சொன்ன கணக்கு: இரண்டு கோடிக்கும் மேற்பட்ட திருட்டுச் சம்பவங்கள், நாளொன்றுக்கு ஊழியர்கள் மேல் 2,000-க்கும் மேற்பட்ட வன்முறை, வசைச் சம்பவங்கள். அதே காலத்தை ஒட்டி, 2024 காலண்டர் வருடத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலீஸ் பதிவு செய்த கடைத் திருட்டு வழக்குகள் 5 லட்சத்து 16 ஆயிரத்தைத் தாண்டின. இரண்டு கோடி எங்கே, ஐந்து லட்சம் எங்கே? கடைகள் பெரும்பாலும் புகாரே கொடுப்பதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. இரவு வேளையில் தனியாக நிற்கப் பயந்து ஊழியர் விலகுகிறார், புது ஆள் கிடைப்பதில்லை, கடை ஒன்பது மணிக்குப் பதில் ஏழு மணிக்கே மூடுகிறது. வேலை முடிந்து எட்டு மணிக்கு வருபவர் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்.

திருட்டு ஒரு சாக்கா என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். சில நேரம் ஆமாம். வால்கிரீன்ஸ் நிறுவனம் 2021-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஐந்து கடைகளை மூடப்போவதாக அறிவித்து, காரணம் திருட்டு என்றது. 2023 ஜனவரியில் அதே நிறுவனத்தின் நிதித் தலைவர், இருப்புக் குறைவு 3.5 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டதாகவும், முந்தைய வருடம் தாங்கள் அளவுக்கு மீறி அழுதுவிட்டிருக்கலாம் என்றும் முதலீட்டாளர்களிடம் சொன்னார். நான் மேலே மேற்கோள் காட்டிய அமெரிக்கக் கூட்டமைப்பே, இழப்பில் கிட்டத்தட்டப் பாதி திட்டமிட்ட திருட்டுக் கும்பல்களால் வருகிறது என்று ஓர் அறிக்கையில் சொல்லிவிட்டு, 2023 டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. விற்பனை சரிந்த கடையை மூட, ஆட்களைக் குறைக்க, விலையை ஏற்ற, திருட்டு என்பது சுலபமான காரணம். கேட்பவர்களும் உடனே நம்பிவிடுவார்கள்.

ஆனால் இதை வைத்து எல்லாமே பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரிய நிறுவனம் ஒரு கிளையை மூடினாலும் மற்றக் கிளைகளில் சமாளித்துக்கொள்ளும். ஒரே கடை வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. பாதுகாவலருக்குச் சம்பளம் கொடுத்தால் லாபம் போகும், கொடுக்காவிட்டால் சரக்கு போகும். கடைசியில் அவர் அதிகம் திருடு போகும் பொருட்களைக் கொள்முதல் செய்வதையே நிறுத்துகிறார். குழந்தைப் பால்மாவு வாங்க இனி இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கார் வைத்திருப்பவருக்கும் வீட்டு வாசலுக்கே வரவழைப்பவருக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், நாள்கூலிக்குப் போய் வருபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சட்டத்தைக் கடுமையாக்கினால் சரியாகும் என்று பலரும் சொல்வார்கள். பழைய கதை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் 1699-ல் ஒரு சட்டம் வந்தது, கடையில் ஐந்து ஷில்லிங் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடினால் மரண தண்டனை. நடந்தது என்ன? ஒரு துண்டுத் துணிக்காக ஒருவரைத் தூக்கில் போட மனம் வராத ஜூரிகள், பொருளின் மதிப்பு ஐந்து ஷில்லிங்குக்குக் கீழே என்று தாங்களாகவே குறைத்து எழுதினார்கள். பல கடைக்காரர்கள் வழக்கே போடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தத் தண்டனை நீங்கியது. அதே நாடு 2014-ல் வேறு எல்லைக்குப் போனது: 200 பவுண்டுக்குக் குறைவான கடைத் திருட்டைச் சிறு வழக்காகவே நடத்தும் ஏற்பாடு. தண்டனை முழுவதும் நீங்கவில்லை, ஆனால் போலீஸ் வராது என்ற எண்ணம் இரு தரப்பிலும் பரவிவிட்டது. அந்த ஏற்பாட்டை நீக்க 2025-ல் மசோதா கொண்டுவந்தார்கள். என் அனுபவத்தில், திருடுபவர் தண்டனையின் அளவைக் கணக்குப் போடுவதில்லை. யாராவது பார்க்கிறார்களா, கேட்பார்களா என்பதைத்தான் பார்க்கிறார்.

கடைத் திருட்டைத் தவிர மற்றவையும் இருக்கின்றன. தள்ளுவண்டியில் வைத்த கைப்பையிலிருந்து பர்ஸ் போவது, வாசலில் நிறுத்திய சைக்கிள் போவது, கட்டணம் செலுத்தும் க்யூஆர் குறியீட்டின் மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவது, சில்லறை கொடுக்கும்போது பேச்சுக் கொடுத்துக் குழப்புவது. இவற்றில் வாடிக்கையாளரே நேரடி இலக்கு. பையின் ஜிப்பை மூடி உடம்போடு வைத்துக்கொள்வது, பணம் அனுப்புமுன் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிக் கேட்பது, இந்த இரண்டு பழக்கமே நிறையத் தவிர்க்கும்.

என்ன செய்யலாம் என்றால், கடைக்காரருக்கு நான் முதலில் சொல்வது எண்ணுங்கள் என்பதுதான். முழுக் கடையையும் எண்ண வேண்டாம். கிளார்க் சொன்ன அந்த ஆறு குணத்துக்குப் பொருந்தும் இருபது முப்பது பொருட்களை மட்டும் தினமும் கடை திறக்குமுன் எண்ணிக் குறித்து வையுங்கள். பத்து நிமிட வேலை. எந்தக் கிழமை, எந்த நேரத்தில் குறைகிறது என்பது மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். அது ஊழியர் மாறும் நேரமா, சரக்கு இறங்கும் நேரமா, கவுன்டரிலிருந்து கண்ணுக்குப் படாத மூலையா என்பது புரிந்த பிறகு பூட்டு வாங்கலாமா என்று யோசியுங்கள். பாதி நேரம் அலமாரியின் உயரத்தைக் குறைத்தாலே, அல்லது அந்தப் பொருளைக் கவுன்டருக்குப் பக்கத்தில் நகர்த்தினாலே போதும். உள்ளே வருபவர் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்து "வாங்க" என்று சொல்லுங்கள். நல்லவருக்கு அது மரியாதை. எடுக்க வந்தவருக்கு, தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்ற செய்தி. திருடனைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள், ஊழியரையும் ஓட விடாதீர்கள். எந்தப் பாக்கெட்டும் கத்திக்குத்துக்கு ஈடாகாது. நாள், நேரம், பொருள், அடையாளம் நான்கையும் நோட்டில் எழுதுங்கள். சின்னதாக இருந்தாலும் புகார் கொடுங்கள், ஒரே ஆள் பத்து கடையில் செய்கிறார் என்பது அப்படித்தான் வெளியே வரும்.

வாடிக்கையாளருக்கும் ஒரு பங்கு உண்டு, அதைப் பலர் விரும்பிக் கேட்பதில்லை. திருட்டுப் பொருளை யாரோ வாங்குகிறார்கள் என்பதால்தான் அது திருடப்படுகிறது. சீல் உடையாத பிளேடு பாக்கெட்டுகள் இருபது, கடை விலையில் பாதிக்கு, பில் இல்லாமல், இணையத்தில் ஒரு தனிநபரிடம் கிடைக்கிறது என்றால் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நொடி யோசியுங்கள். அமெரிக்காவில் 2023 ஜூன் முதல், இணையச் சந்தைகள் அதிக அளவில் விற்பவர்களின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று சட்டமே வந்திருக்கிறது. நல்ல சட்டம், ஆனால் வாங்குகிறவர் மறுத்தாலே அந்தச் சந்தை ஆட்டம் கண்டுவிடும். அப்புறம், உங்களை நிறுத்திச் சந்தேகமாகக் கேட்டால் கைகலப்புக்கு இடம் கொடுக்காமல், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, மேலாளரை வரச் சொல்லுங்கள். என்ன காரணத்துக்காக நிறுத்தினீர்கள் என்று அமைதியாகக் கேளுங்கள். தவறு என்று தெரிந்தால் எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று மட்டும் மிச்சம். உங்கள் கடையில் பூட்டிய பெட்டி முன்னால் நிற்கும்போது, மேலாளரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்: "இந்தப் பெட்டிக்குள் இருப்பதை எத்தனை நாளைக்கு ஒருமுறை எண்ணுகிறீர்கள், பூட்டுவதற்கு முன்னால் மாதம் எத்தனை போனது, இப்போது விற்பனை எவ்வளவு?" அவரால் உடனே எண் சொல்ல முடிந்தால், அந்தக் கடைக்கு உண்மையிலேயே பிரச்சினை இருக்கிறது, அவர் அதைத் தீர்க்கப் பார்க்கிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். "மேலிடத்து உத்தரவு" என்று மட்டும் பதில் வந்தால், அங்கே யாரும் இன்னும் எண்ணத் தொடங்கவில்லை.